பொழி தாண்டும் வரை

அந்த முதல் நாள் பேச்சு முஸ்கானுக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது.

"பழைய ஜிஆர்இ புத்தகங்கள் வேண்டுவோர் சம்சுதீன் கயிற்றுக் கடையில் கேட்கவும்" என்று ஜெராக்ஸ் கடைச் சுவரில் அவள்தான் ஒட்டிவிட்டு வந்திருந்தாள். வெளிநாட்டு மேற்படிப்புக்கான அந்தப் பரீட்சைப் புத்தகத்தைத் தேடி கோவில்பட்டியில் யார் வரப்போகிறார்கள் என்ற தைரியத்தில் ஒட்டியது. மூன்றாம் நாளே ஆள் வந்து நின்றது. முப்பது வயதிருக்கும். உயரம். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டாள்.

"புத்தகம் இருக்குன்னு போட்டிருந்துச்சே, இங்கனதானா?"

"ஆமா."

வந்தவள் பெயர் உமாதேவி. புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். கணக்குப் பக்கங்கள் புதிதாக இருந்தன. ஆங்கிலப் பகுதி முழுக்கப் பென்சில் கோடு.

"இதெல்லாம் வாசிச்சது யாரு?"

"நான்தான்."

"பரீட்சை எழுதுனீங்களா?"

"எழுதினேன்."

"இங்கிலீஷ்ல எவ்வளவு?"

"நூத்தி அறுபத்திரண்டு."

"சீட்டு கெடச்சுதா?"

"கெடச்சுது."

"போகலையா?"

"போகல."

இந்த இடத்தில் எல்லாரும் "ஏன்?" என்று கேட்பார்கள். நான்கு வருடமாக முஸ்கான் அந்தக் கேள்விக்கு வெவ்வேறு பதில்கள் சொல்லிப் பழகியிருந்தாள். உமாதேவி கேட்கவில்லை. புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப எனக்குச் சொல்லித் தருதீங்களா?" என்றாள்.

அதனால்தான் முஸ்கான் சரி என்றாள். யாருக்கும் பாடம் சொல்லிக்கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை. வாய் திறந்து நாலு வார்த்தை பேசவே யோசிக்கிறவள்.

கல்லாவில் இருந்த முஸ்கானின் அப்பா சம்சுதீன் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "ஏம்மா, நாகலாபுரத்துப் பக்கம் வன்னியபெருமாள் மகள்லா நீ?"

"ஆமா பாய். மச்சு வீடு கட்டுறதுக்கு முன்னால உங்க கடை வலைதான் எங்க வீட்டுக்குச் செவரு."

சம்சுதீன் சிரித்துவிட்டார். கயிறு, சாக்கு, தார்ப்பாய் இவற்றோடு ஆட்டுப் பட்டியைச் சுற்றிக் கட்டும் வலையும் அந்தக் கடையில் விற்றது. இருபது வருடமாக வன்னியபெருமாள் வலை வாங்குவது அங்கேதான்.

அப்படி ஒரு மே மாதத்தில் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு உமா வருவாள். கடைக்கு மேல், சாக்குக் கட்டுகளுக்கு நடுவே ஒரு மேசை. சணல் வாசத்தில் தும்மிக்கொண்டே படிப்பார்கள்.

உமாவின் கதையை முஸ்கான் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்துகொண்டாள். ஆட்டுக்காரர் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். வேளாண்மை படித்துவிட்டு, கோவில்பட்டியில் ஒரு தனியார் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வெள்ளாமை செய்யும் சம்சாரிகள் துணிப்பையிலும் உரச்சாக்குத் துண்டிலும் கொண்டுவரும் மண்ணைக் காயவைத்து, சலித்து, சோதித்து அட்டை எழுதித் தருவாள். எவ்வளவு கெட்ட மண்ணாக இருந்தாலும் கெட்டது என்று சொல்லமாட்டாள். "மண்ணு பசியா இருக்கு அண்ணாச்சி" என்பாள். கேட்டவர் கோபப்படாமல் என்ன கொடுக்கலாம் என்று கேட்பார்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மண்ணியல் முதுகலைக்கு ஓர் உதவித்தொகை இருந்தது. வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உமாவுக்கு அந்தக் கெடு அந்த வருடத்தோடு முடிந்தது. பரீட்சையின் ஆங்கிலப் பகுதியில் நூற்றைம்பது கேட்டார்கள். முஸ்கான் வைத்த முதல் மாதிரித் தேர்வில் நூற்று நாற்பத்தொன்று வந்தது.

சொற்களுக்கு உமா தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஊரில் ஓர் ஆளைத் தேடினாள். அளவுக்கு மீறிப் பேசுகிறவரைக் குறிக்கும் சொல்லுக்கு அவளே. வாய்க்கணக்கில் தாராளமும் கைக்கணக்கில் கருமித்தனமும் உள்ளவருக்கு அவள் பெரியப்பா பிச்சையா. கொஞ்சமாகப் பேசுகிறவரைச் சொல்லும் 'லக்கானிக்' என்ற சொல் வந்த அன்று தேடவே இல்லை, எதிரே பார்த்தாள்.

"மிஸ்ஸு, இதுக்கு ஆளு ரெடியா இருக்கு."

வயதில் ஐந்து வருடம் இளையவளை மிஸ் என்று அழைப்பதில் அவளுக்கு ஒரு குஷி. முஸ்கான் அக்கா என்பாள், அதோடு நிறுத்திக்கொள்வாள்.

இரண்டு மாதத்தில் சொற்கள் வசப்பட்டன. பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் பகுதிதான் இடறியது. அதிலும் ஒரு விசித்திரம். ஐரோப்பாவில் எந்தக் காலத்திலோ இருந்த ஓவியக்காரியைப் பற்றிய பத்தியா, எல்லாம் சரி. கடலாழத்து மீன்களா, எல்லாம் சரி. நிலம், மண், கால்நடை என்று வந்துவிட்டால் எல்லாம் தப்பு. வறண்ட நாடுகளில் ஆட்டு மந்தைகள் மண்ணை மிதித்து இறுக்கிப் பாழாக்குகின்றன என்று ஒரு பத்தி. நான்கு கேள்வி. நான்கும் போயிற்று.

"இந்தப் பத்தியின்படி மண் கெட என்ன காரணம்னு கேட்டிருக்கு. பத்தில மந்தைன்னு இருக்கு. நீங்க மழை குறைஞ்சதுன்னு போட்டிருக்கீங்க" என்றாள் முஸ்கான்.

"ஏன்னா அதுதானே நெசம்."

"பத்தில அப்படி இல்லையேக்கா."

"பத்தி எழுதுன ஆளு ஆட்டை முட்டாயி டப்பாவுலதான் பாத்திருப்பாரு."

முஸ்கான் விதியை எடுத்துச் சொன்னாள். உங்களுக்குத் தெரிந்ததை வைத்துப் பதில் சொல்லக் கூடாது. தாளில் இருப்பது மட்டும்தான் கணக்கு. உமா தலையாட்டினாள், நோட்டில் எழுதிக்கொண்டாள், அடுத்த வாரம் அதே மாதிரிப் பத்தியில் அதே மாதிரித் தவறினாள். புரியாமல் இல்லை. வாரா வாரம் நடந்தது. ஆகஸ்டும் முடிந்தது. பரீட்சைக்கு ஐந்து ஞாயிறு மிச்சம். மதிப்பெண் நூற்று நாற்பத்தாறில் உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது.

ஒருநாள் உமா பென்சிலை வைத்துவிட்டு, வழக்கமான சத்தம் இல்லாமல் பேசினாள்.

"தப்புன்னு தெரிஞ்சேதான் போடுதேன் மிஸ். ஆடு மண்ணைக் கெடுக்குதுன்னு அந்தப் பதில்ல கோடு போடணும்னா கை வரமாட்டேங்குது. எங்க அய்யாவுக்கு எதிரா போயி சாட்சி சொல்லுத மாதிரி இருக்கு."

முஸ்கான் யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். விசா வந்த வாரத்தில் அம்மா ஆயிஷா பீவிக்குச் சிறுநீரகம் பழுதென்று தெரிந்தது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். போ என்றுதான் அம்மா சொன்னாள். இவளுக்குத்தான் கால் வரவில்லை. இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டாள். உமா கேட்டுக்கொண்டாள். பாவம் என்றோ நல்ல பிள்ளை என்றோ சொல்லவில்லை. அடுத்த வாரம் வரும்போது வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டியில் நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்து, வெள்ளைக்கரு மட்டும் சாப்பிடலாமாம், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள் என்றாள். எங்கோ விசாரித்திருக்கிறாள்.

திருப்பம் வந்தது அதற்கும் அடுத்த ஞாயிறு. அன்று உமா ஒரு மணி நேரம் பிந்தி வந்தாள், முகமெல்லாம் கடுகடுப்பு.

எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் ஒரு சம்சாரியின் புஞ்சைக் காட்டில் அவள் அப்பா கிடை போட்டிருந்தார். அறுவடை முடிந்து மழைக்கு முன்னால், ஆடுகளை ராத்திரி வெற்று நிலத்தில் அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு எருவாகும். அதற்காகத்தான் சம்சாரிகள் கூப்பிடுவது. முந்தின நாள் சாயங்காலம் சோறு கொண்டுபோன உமா அங்கே நின்றிருக்கிறாள். காட்டுக்காரர் தெற்கு மூலையில் பட்டி போடச் சொன்னார். அது தண்ணீர் நிற்கும் பள்ளம். அந்தக் காட்டு மண்ணை உமாவே சோதித்து அட்டை எழுதியவள். மேட்டில் போட்டால்தான் பலன் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"அய்யா ஒரு பார்வை பாத்தாவ பாருங்க. அப்படியே வாய மூடிட்டேன்."

"உங்க அய்யாவுக்குப் பள்ளம்னு தெரியாதா?" என்று முஸ்கான் கேட்டாள்.

"எல்லாம் தெரியும். ஆனா கிடைக்காரனுக்குன்னு ஒரு மொறை இருக்குல்லா. அடுத்தவன் காட்டுக்குள்ள வலையக் கட்டிட்டா அன்னிக்கு அந்தக் காடு காட்டுக்காரன் பேச்சுத்தான். அவன் சொன்ன மூலைல போடணும், சொன்ன பொழுதுல எழுப்பணும். நம்ம புத்திசாலித்தனத்த அங்கன காட்டப்படாது. விடிஞ்சு வலையச் சுருட்டி, எல்லைப் பொழியத் தாண்டி வந்த பொறவு என்ன வேணாலும் பேசிக்கிடலாம். காலைல பொழியத் தாண்டுன ஒடனே அய்யா காட்டுக்காரரு கிட்டயே சொல்லிட்டாவ, அடுத்த வருசம் மேட்டுல போடுங்கன்னு."

முஸ்கான் ஆட்டு மந்தைப் பத்தி இருந்த பக்கத்தைத் திருப்பி, உமாவின் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"இது யாரு காடுக்கா?" என்றாள்.

உமா பக்கத்தைப் பார்த்தாள். முஸ்கானைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கீழே சம்சுதீன் என்னவோ ஏதோவென்று மாடிப்படியில் பாதி ஏறி வந்துவிட்டார்.

அதன் பிறகு அவள் பத்தி படிக்கிற தினுசே மாறியது. படிக்கத் தொடங்குமுன் தாளின் மேல் ஒரு சிறு கட்டம் போடுவாள். அதுதான் காடு. எழுதியவர் காட்டுக்காரர். அவர் ஆட்டைத் திட்டினால் திட்டட்டும், அவர் சொன்ன மூலையில் பட்டி. கடைசிக் கேள்வி முடிந்ததும் கட்டத்துக்கு வெளியே ஒரு கோடு இழுத்து, "தாண்டியாச்சு" என்பாள். உடனே அந்த ஆசிரியரைத் திட்டத் தொடங்குவாள். ஐந்து நிமிடம் விடாமல் திட்டுவாள். முஸ்கான் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஆட்டின் குளம்பு மண்ணில் என்ன செய்கிறது, கிடை போட்ட கரிசல் முதல் மழைக்கு எப்படி மணக்கும், எந்த வருடம் எந்தக் காட்டில் சோளம் ஆள் உயரம் நின்றது எல்லாம் அந்த ஐந்து நிமிடங்களில் அவள் தெரிந்துகொண்டவை. தன் கடை வலைக்குள் இவ்வளவு நடக்கிறதா என்று நினைத்துக்கொள்வாள்.

அக்டோபரில் உமா ரயிலேறிச் சென்னைக்குப் போய் எழுதினாள். அன்று அம்மாவுக்கு டயாலிசிஸ். மருத்துவமனை வராந்தாவில் முஸ்கான் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு, தானே பரீட்சை எழுதிய நாளில்கூட இல்லாத பதற்றத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை மணிக்கு அழைப்பு வந்தது.

"ஒரு ஆடுகூட வரல மிஸ்" என்றாள் உமா. "தேனீ வந்துச்சு, ஏதோ நாடகக் கொட்டகை வந்துச்சு, கிழவன் ஒருத்தன் நட்சத்திரத்த எண்ணுனான். இவ்வளவு பாடுபட்டு ஆட்டப் பழகிட்டுப் போனா, ஆட்டையே காணோம்."

"முடிஞ்சதும் திரைல எவ்வளவு காட்டுச்சுக்கா?"

"நூத்தி அம்பத்தொண்ணு."

முஸ்கான் எழுந்து நின்றாள். பிறகு ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். உள்ளே போய்ச் சொன்னபோது ஆயிஷா பீவி ஊசி குத்தாத கையை நீட்டி மகளின் கன்னத்தைத் தொட்டாள். அந்த மதிப்பெண் முஸ்கானுடையது என்பதுபோல.

மார்ச்சில் உதவித்தொகை உறுதியாயிற்று. ஜூலை கடைசியில், விமானம் ஏறுமுன், உமா புத்தகங்களைத் திருப்பித் தர வந்தாள். முஸ்கானின் பென்சில் கோடுகளுக்குப் பக்கத்தில் இப்போது நீல மைக் கட்டங்கள், அநேகமாக ஒவ்வொன்றுக்கும் வெளியே ஒரு கோடு. இனி இதை யாருக்கும் கொடுப்பதில்லை என்று முஸ்கான் மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள். கீழே வன்னியபெருமாள் புது வலையின் கண் எவ்வளவு அகலம் என்று விசாரித்துக்கொண்டிருந்தது கேட்டது.

உமா கிளம்ப எழுந்தவள் ஆட்டு மந்தைப் பத்தி இருந்த பக்கத்தைத் திறந்தாள். அதற்குப் போட்ட கட்டத்தின் வெளியே மட்டும் கோடு இழுபடாமல் இருந்தது.

"இந்தக் காட்ட நான் இன்னும் தாண்டல" என்றாள். அன்று மிஸ் என்று அழைக்கவில்லை. "முஸ்கான், அங்கன போயி நான் ஒரு கட்டுரை எழுதுவேன். கிடை போட்ட மண்ணு, போடாத மண்ணு, ரெண்டையும் அளந்து எழுதுவேன். எழுதி முடிச்ச ஒடனே மொதல்ல உங்களுக்குத்தான் அனுப்புவேன். எங்க அய்யாவத் தெரிஞ்ச ஆளா அத வாசிக்காதீங்க. என்னையத் தெரிஞ்ச ஆளாவும் வேண்டாம். ஆடு, கரிசல் ஒண்ணுமே தெரியாத ஆளா வாசிங்க. தாள்ல இருக்குறத மட்டும் வச்சு, நான் சொல்லுதது நிக்குதான்னு சொல்லுவீங்களா?"