கல்யாணக் காரின் மக்னீசியச் சக்கரங்கள்

இந்த நாட்டில் பழைய கார்ச் சக்கரங்களைக் கம்பளியில் சுற்றி எடுத்துவருகிறார்கள். இங்கிலாந்தில் ஒரு பழைய கார்ப் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒருவர் அப்படிச் சுற்றிய சக்கரத்தை என் மேசையில் அலுங்காமல் இறக்கிவைத்து, "இஸ் ஷி ஆல் ரைட்?" என்று கவலையோடு கேட்டார். வெளியே காரில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். "குளிரில் நடுங்குகிறார், உள்ளே வரச் சொல்லுங்கள்" என்றேன். அவர் விசாரித்தது சக்கரத்தை. உலோகத்தை 'அவள்' என்று சொல்லும் வழக்கம் மேலப்பாளையத்துக்காரனான எனக்குப் பிடிபட வெகுநாளாயிற்று.

அந்தக் காலத்துப் பந்தயக் கார்களுக்காக மக்னீசியத்தில் வார்த்த சக்கரங்கள் அவை. ஒரு கையால் தூக்கிவிடலாம். ஆனால் ஈரமும் உப்பும் அவற்றுக்கு ஆகாது. பெயின்டுக்கு அடியில் சுண்ணாம்பு பூத்ததுபோல அரித்துக்கொண்டே போகும். போல்ட் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் விடும். பெயின்டை நீக்கி, சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி தூவிப் பார்ப்பது என் வேலை. விரிசல் இருந்தால் பொடியில் சிவப்புக் கோடு எழும்பும். கோடு இல்லாத சக்கரத்தைத் தேடி வேறு நாட்டிலிருந்தும் ஆள் வருவார்கள். கோடு விழுந்தது சுவரில் மாட்டத்தான் லாயக்கு.

வேலை பிடித்திருந்தது. ஆனால் திருநெல்வேலிப் பக்கம் பழகியவர்கள் உரிமையோடு கூப்பிடுவதுபோல, நாள் முழுக்க ஒருவர்கூட என்னை 'வே' என்று கூப்பிடாத ஊர் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் பக்கத்து வீட்டுப் போனுக்கு என் மனைவி ஜமீலாவை வரச்சொல்லிப் பேசுவேன். பேச்சு தீர்ந்த பிறகும் வைக்க மனம் வராது. "கொஞ்சம் அப்படியே பிடிச்சிரு" என்பேன். போனுக்குள் எங்கள் தெருவில் தறி ஓடும் சத்தம் கேட்கும்.

தொண்ணூறுகளின் நடுவில்தான் முதல் விடுப்பு கிடைத்தது. நான் வந்தது தெரிந்ததும் அம்பாசமுத்திரத்திலிருந்து சங்கரலிங்கம் அண்ணாச்சி ஆள் அனுப்பினார். அரிசி மண்டிக்காரர். நான் திருநெல்வேலியில் மெக்கானிக்காக இருந்தபோது அவர் வண்டிகளெல்லாம் எங்கள் பட்டறைக்குத்தான் வரும். மலைமேல் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன ஸ்போர்ட்ஸ் காரை அவருடைய அப்பா வாங்கிப் போட்டிருந்தார். அதை இப்போது ஓடவைத்துவிட்டார்கள். மகள் கோமதியின் கல்யாணத்துக்கு மறுநாள், மணமக்களை அதில் உட்காரவைத்துத் திருச்செந்தூருக்குத் தானே ஓட்டிப்போக வேண்டும் என்பது அண்ணாச்சியின் ஆசை. சக்கரத்தை மட்டும் நான் ஒருதடவை பார்க்க வேண்டுமாம்.

மூடியிருந்த சாக்கை விலக்கியதும் தெரிந்துவிட்டது, நாலும் மக்னீசியம். இங்கிலாந்தில் கம்பளியில் சுற்றிவருகிற அதே ஜாதி. பெயின்டைச் சுரண்டிவிட்டு, சாயம் இல்லாததால் மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்பீஸ் பொடி தூவினேன். மூன்று சக்கரங்கள் வெள்ளையாகவே இருந்தன. நாலாவதில், இரண்டு போல்ட் துளைகளுக்கு நடுவே ஈரக்கோடு ஒன்று பைய எழும்பியது.

"ஓட்டாதீங்க அண்ணாச்சி. வேகத்துல போகும்போது உடைஞ்சிரும்."

"இத்தன வருசம் உடையாததா?"

"சும்மா நின்னதுனால உடையல. மாத்திப் போட இதே சக்கரம் இங்கன கிடைக்காது."

அவர் முகம் சுண்டிப்போனது. "வெள்ளைக்காரன் கூட நாலு வருசம் இருந்துட்டு வந்து, நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு ஆகாதுன்னு சொல்லுதீரே வே!"

எத்தனை நாள் கேட்கத் தவித்த சொல். வந்தபோது என்னை வெளியே தள்ளுவதற்காக வந்தது. பொடி ஒட்டிய கையோடு நின்றேன்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கோமதிதான் பேசினாள். "ஓட்டத்தான கூடாதுங்காக? தள்ளலாம்லா? திருச்செந்தூருக்கு வேன்ல போய்க்கிடுதோம். மண்டபத்துலருந்து வீட்டுக்கு இதுல வாரோம்பா."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நடை வேகத்தில் தள்ளினால் தாங்கும் என்றேன். "அப்பம் நீரும் வந்து பக்கத்துல நின்னு பாரும்" என்றார். குரல் இன்னும் இறங்கவில்லை.

கல்யாணத்தன்று சாயங்காலம் இன்ஜினை ஓடவிடாமல், பூவலங்காரத்தோடு கார் மண்டபத்திலிருந்து புறப்பட்டது. முன்னால் நாதஸ்வரம். ஸ்டியரிங்கில் அண்ணாச்சி, பக்கத்து ஸீட்டில் மாப்பிள்ளை, பின்னால் மடித்த துணிக்கூரைமேல் கோமதி. சொந்தக்காரப் பிள்ளைகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். நானும் கை வைத்தேன். "நீங்க ஃபாரின்லருந்து வந்தவுக, தள்ளாதீங்க சார்" என்று ஒருவன் என்னை விலக்கினான்.

அண்ணாச்சி திரும்பிப் பார்த்து, "ஏலே, அவரு நம்ம ஆளுலே, விடு" என்றார். வீடு வரைக்கும் தள்ளினேன். விரிசல் விட்ட சக்கரத்தின் மேலேயே கண் இருந்தது. அது தாங்கியது. அந்த வாரமே விமானம் ஏறினேன்.

பிறகு ஜமீலா, அண்ணாச்சி கொடுத்துவிட்ட கல்யாணக் கார் ஊர்வலப் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். வேலையிடத்தில் காட்டினேன். முதலாளி முதலில் சக்கரத்தைப் பார்த்து, "பியூட்டிஃபுல்" என்றார். அப்புறம் ஒவ்வொரு முகமாகத் தேடிவிட்டு, "வேர் ஆர் யூ?" என்று கேட்டார். படத்தின் ஓரத்தில், காரின் பின்புறத்தில் அழுந்தியிருந்த ஒரு கையைக் காட்டினேன். மணிக்கட்டோடு படம் முடிந்திருந்தது.