பின்சீட்டு ஸ்பீக்கர்கள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததில் பாதி அந்தக் கோபத்தால் வந்தது. மீதிப் பாதி என் வேலையால் வந்தது. ஆவடித் தொழிற்சாலையில் நான் எலெக்ட்ரீஷியன். ராணுவ வண்டிகளுக்கு ஒயரிங் போடுவேன். விளக்கு எரியவில்லையா, ஒயரைப் பிடித்துக்கொண்டே போ, அறுந்த இடம் கிடைக்கும், ஒட்டவை, எரியும். இதை நம்பித்தான் அத்தனை வருஷம் சோறு தின்றேன்.

என் மகளுக்கு மூன்று வயதில் மூளைக் காய்ச்சல் வந்தது. பிழைத்தாள். ஆனால் காய்ச்சல் போகும்போது காதையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதற்கு முன் வாய் ஓயாத பெண் அவள். குவார்ட்டர்ஸ் வாசலில் என் சைக்கிள் மணி கேட்டால் போதும், "ப்பா, ப்பா" என்று ஓடி வந்து முட்டியைக் கட்டிக்கொள்வாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு சாயங்காலம் வாசலில் நின்று மணியை அடித்தேன், அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புளியங்கொட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் காது டாக்டர் அவளை அரைமணி நேரம் சோதித்துப் பார்த்தார். "நரம்பு போயிடுச்சுப்பா. அது திரும்ப வராது. காது கேக்காத பிள்ளைங்களுக்குன்னு பள்ளிக்கூடம் இருக்கு, இப்பவே சேர்த்துடு. உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கப் பழக்குவாங்க. பேச்சு வர்ற வயசு இதுதான். இதை விட்டுட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம்" என்றார். நல்ல மனிதர், நிதானமாகத்தான் சொன்னார். நான்தான் மேஜையைத் தட்டிக் கத்தினேன். "ஊமைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கவா பெத்தேன்?" என்று கேட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். என் மனைவி அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடி வந்தாள்.

இனி கார். அப்போது அவளுக்கு நாலு வயது முடிந்திருந்தது. என் மனைவியின் தம்பிக்கு ஊர் முத்தாபுதுப்பேட்டை. அந்த மச்சானும் நானும் சேர்ந்து ஏலத்தில் ஒரு பழைய இங்கிலீஷ் காரை எடுத்திருந்தோம். வாரம் முழுக்க அவன் அதைப் பூந்தமல்லியில் டாக்சியாக ஓட்டுவான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு. ரேடியோ இருந்தால் சவாரி நிறையக் கிடைக்கும் என்று மூர் மார்க்கெட்டில் ஒரு கார் ரேடியோவை வாங்கி வந்தான். வால்வு செட். சூடாகிப் பாட ஒரு நிமிஷம் ஆகும். நான்தான் பூட்டிக்கொடுத்தேன். ஸ்பீக்கரைப் பின்சீட்டின் முதுகில் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு பருத்திப்பட்டு ஏரிக்கரையில் போய்க்கொண்டிருந்தோம். ரேடியோவின் குமிழைத் திருகினேன். பாட்டு வந்தது. பின்சீட்டில் சாய்ந்திருந்த என் மகள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, இரண்டு கையையும் தட்டினாள்.

"கேக்குதுடி! பாப்பாவுக்குக் கேக்குது!" என்று கத்தினேன். வண்டியை அப்படியே நடுரோட்டில் நிறுத்தி, அவளை வெளியே இழுத்துத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றினேன். மாட்டு வண்டிக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்தி எங்களை வேடிக்கை பார்த்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் கன்னத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் கைதட்டினாள்.

அதற்குப் பிறகு எனக்குப் பித்துப் பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். என் புத்தி ஓடிய விதம் இதுதான்: நரம்பு முழுசாக அறுந்திருந்தால் ஒன்றுமே கேட்டிருக்காது. ஆகவே லைன் இருக்கிறது, பலவீனமாக இருக்கிறது, அவ்வளவுதான். பலவீனமான லைனுக்குச் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். கொடுக்கக் கொடுக்க அது பழகும், ஒரு நாள் என் சைக்கிள் மணியும் கேட்கும். தொழிற்சாலையில் வேண்டாமென்று எறிந்த வரைபடத் தாளின் பின்பக்கத்தில் பிளான் போட்டேன். காரை மேலிருந்து பார்க்கிற மாதிரி வரைந்து, பின்சீட்டில் அவள் உட்காரும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். எல்லா ஸ்பீக்கரும் அந்தப் புள்ளியைப் பார்த்து இருக்க வேண்டும்.

முதலில் ஒன்றுக்கு இரண்டாக எட்டு அங்குல ஸ்பீக்கர்கள். அவற்றுக்குப் பிளைவுட்டில் பெட்டி, பெட்டிக்குள் இலவம்பஞ்சு. எஞ்சினின் கரகரப்பு ரேடியோவில் ஏறியது, அதை அடக்க ஒரு மாதம் ஆனது. பிறகு கதவுக்கு ஒன்றாக இன்னும் இரண்டு ஸ்பீக்கர். மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். "இன்னா மாமா இது? கார்ல ரேடியோ வெக்கிறியா, ரேடியோவுல கார் வெக்கிறியா? சவாரிக்காரன் மூட்டை எங்க மாமா வெப்பான்?" என்பான். சொல்வான், ஆனால் ஒரு தடவைகூட ஒயரைத் தொட்டதில்லை. அவனும் அவள் கைதட்டுவதைப் பார்த்திருந்தான்.

தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஒருத்தன் டீ குடிக்கும்போது, "செவிடன் காதுல சங்கு ஊதுற கதையால்ல இருக்கு" என்றான். கண்ணாடி டம்ளர் கையில் இருந்தது. கீழே வைத்துவிட்டுத்தான் அறைந்தேன். அதற்கு எனக்கு மெமோ வந்தது. வரட்டுமே என்று இருந்தேன்.

இப்படியே வருஷம் ஒன்றரை ஓடிவிட்டது. அவளுக்கு வயது ஆறை நெருங்கியது. மனைவி அவ்வப்போது பள்ளிக்கூடப் பேச்சை எடுப்பாள். "அந்த டாக்டர் சொன்னாரே..." என்று ஆரம்பிப்பாள். "கேக்குற பொண்ணைச் செவிடுங்களோட கொண்டுபோய் வுடச் சொல்றியா? நீயெல்லாம் ஒரு தாயா?" என்று நான் விழுந்து பிடுங்குவேன். ஒரு கட்டத்தில் அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் கொண்டுபோவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வண்டியில் கூட்டிப் போங்கள் என்று மட்டும் கேட்டாள். எனக்குச் சந்தோஷம். குழந்தையின் காதுக்குத்தான் வேண்டுகிறாள், அவளுக்கு எலுமிச்சம்பழம், எனக்கு ஸ்பீக்கர் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆறு வாரத்துக்குள் கடைசி வேலையையும் முடித்துவிட வேண்டும் என்று வெறி வந்தது. கல்யாண மைக் செட்டுக்காரர்கள் பேட்டரியில் ஓட்டுகிற ஆம்ப்ளிபயர் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அதில் ஒரு சிக்கல் இருந்தது. பழைய இங்கிலீஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத்தான் காரின் உடம்போடு கட்டியிருப்பார்கள். என் கையில் கிடைத்த ஆம்ப்ளிபயருக்கோ அதன் தகரப் பெட்டியே நெகட்டிவ். பெட்டி காரின் தகட்டில் பட்டால் பியூஸ் போய்விடும். எனக்கா இது தெரியாது? பெட்டியைச் சுற்றிச் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன், கீழே மரப்பலகை கொடுத்தேன், சீட்டுக்கு அடியில் தள்ளிக் கட்டினேன். நாலாவது வாரம் அது பாடியது. அட, என்ன சத்தம்! கண்ணாடி எல்லாம் அதிர்ந்தது. குமணன்சாவடியில் டீக்கடை பெஞ்சிலிருந்து ஆட்கள் எழுந்து நின்றார்கள். என் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். என் மகள் பின்சீட்டில் தலையை ஆட்டி ஆட்டிக் கைதட்டினாள். எனக்கு ஜென்மம் சாபல்யமானது போல இருந்தது.

ஆறாவது வாரம். காலை வெயில். மனைவி எனக்குப் பக்கத்தில், மடியில் பழத்தோடு. மகள் பின்சீட்டில், நான் படத்தில் வைத்த புள்ளியில். குமணன்சாவடி தாண்டி மாங்காட்டு ரோட்டில் திரும்பினோம். முந்தின வாரம் பெய்த மழையில் ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்தது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சீட்டுக்கு அடியில் 'டக்' என்று ஏதோ இடம் மாறியது. நான் கவனிக்கவில்லை. புளியமரங்கள் வருகிற இடத்தில்தான் எப்போதும் ரேடியோவைப் போடுவேன். குமிழைத் திருகினேன். டயலில் விளக்கு எரிந்தது. சூடாகட்டும் என்று காத்திருந்தேன். ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு நிமிஷம் ஆனது. குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பினேன். ஒரு முனகல்கூட இல்லை. டியூப் ரப்பர் தேய்ந்து பெட்டி தகட்டில் பட்டுவிட்டது, ஆம்ப்ளிபயரின் பியூஸ் போய்விட்டது என்று புரிந்தது. ஸ்பீக்கர்கள் எல்லாம் ஆம்ப்ளிபயரோடு கட்டியவை, ரேடியோவுக்குத் தனி பியூஸ் என்பதால் விளக்கு மட்டும் எரிந்தது.

சனியனே என்று வைதபடி நிமிர்ந்தேன். பின்சீட்டைக் காட்டுகிற சின்னக் கண்ணாடியில் என் மகள் தெரிந்தாள். கைதட்டிக்கொண்டிருந்தாள்.

தலையை ஆட்டி, சிரித்து, தட்டிக்கொண்டிருந்தாள். கண் மட்டும் என் கையில் இருந்தது. கையைப் பார்ப்பாள், கண்ணாடியில் என் முகத்தைப் பார்ப்பாள், மறுபடி கையைப் பார்ப்பாள். வண்டியை ஓரம் கட்டினேன். குமிழை அணைத்தேன். தட்டுவதை நிறுத்தினாள். மறுபடி திருகினேன். தட்டினாள். கடவுளே என்று நினைத்துக்கொண்டு, ரேடியோவை விட்டுவிட்டு, மழைக்குக் கண்ணாடி துடைக்கிற வைப்பரின் குமிழைத் திருகினேன். வைப்பர் காய்ந்த கண்ணாடியில் கீச்சென்று தேய்ந்தது. அதற்கும் தட்டினாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டு இன்னும் வேகமாகத் தட்டினாள்.

ஒரு வண்டி தொழிற்சாலையை விட்டுப் போக வேண்டுமென்றால் ஒவ்வொரு ஒயரையும் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். என் பெண்ணை ஒரே ஒரு தடவை, அவளுக்குத் தெரியாமல், முதுகுப் பக்கம் நின்று சோதித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதுகூடப் பொய். பயந்தேன். ரேடியோ சூடாகிப் பாடுவதற்கு முன்பே அவள் தட்டுவதைப் பல நாள் பார்த்தும், பாட்டு வரப்போகிற சந்தோஷம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதல் நாள் ஸ்பீக்கரின் அதிர்வு முதுகில் பட்டுத் திடுக்கிட்டிருக்கிறாள், அப்பன் அழுததையும் தூக்கிச் சுற்றியதையும் பார்த்திருக்கிறாள். அப்பன் குமிழைத் திருகினால் கைதட்ட வேண்டும், தட்டினால் அப்பன் சந்தோஷமாக இருப்பான் என்று கற்றுக்கொண்டுவிட்டாள். ஒன்றரை வருஷத்தில் நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான்.

பக்கத்தில் இருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும். அவ பின்னாடி நின்னு பித்தளைக் குடத்தைப் போட்டுப் பார்த்தேன். திரும்பல."

"எப்போ?"

"வருசம் ஆவுது."

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா கேக்குற ஆளா நீங்க? அந்தப் பொட்டிங்களோட அவ்ளோ சந்தோசமா இருந்தீங்க. பள்ளிக்கூடம்னு வாயத் தொறந்தாலே அடிக்க வர்றீங்க. நான் இன்னா பண்ணுவேன்?"

"அப்ப இந்தப் பழம்? ஆறு வாரமா எதுக்குக் கொண்டாற?"

மடியிலிருந்த பழத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இது அவ காதுக்கு இல்லீங்க. உங்களுக்குப் புத்தி வரணும்னு."

எனக்குக் கோபம் வரவில்லை. வாழ்க்கையில் அன்றைக்குத்தான் வராமல் இருந்தது. கோயிலுக்குப் போனோம். அவள் வரிசையில் நின்று ஆறாவது பழத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். நான் உள்ளே போகவில்லை. வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டு, மகள் மண்ணில் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பெயரை மெதுவாகக் கூப்பிட்டேன், பிறகு தொண்டை கிழியக் கூப்பிட்டேன். கோயிலுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் மச்சான் எல்லாவற்றையும் கழற்றினான். நான் கிட்டேயே போகவில்லை. "ஸ்பீக்கருங்க நல்லாத்தான் கீது மாமா, இன்னா பண்றது?" என்று வாசலில் நின்று கேட்டான். எங்கேயாவது கொண்டுபோய் ஒழி என்றேன்.

அந்த வருஷமே அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். பட்டணத்தில், ஹாஸ்டலோடு. தலைமை ஆசிரியை அம்மாள் அவளைச் சோதித்துவிட்டு, "மூணு வயசு வரைக்கும் பேசின குழந்தை. அப்பவே கொண்டுவந்திருந்தா பேச்சைத் தக்கவெச்சிருக்கலாம். ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று கேட்டார். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். வேலை அதிகம் என்று ஏதோ உளறினேன். "ப்பா" என்ற அந்த ஒற்றைச் சொல்லை மட்டுமாவது மீட்டுக்கொடுப்பார்கள் என்று சில வருஷம் காத்திருந்தேன். தொண்டையில் கை வைத்து, கண்ணாடி முன் நிறுத்தி, எவ்வளவோ பாடுபட்டார்கள். வரவே இல்லை.

சேர்த்து நாலைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போயிருந்தேன். அவள் மற்றப் பெண்களோடு முற்றத்தில் கையால் பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தோழியின் தோளைத் தட்டி, என்னைக் காட்டி, காற்றில் இரண்டு விரலால் எதையோ திருகுவது போலச் செய்தாள். பிறகு இரண்டு தடவை கைதட்டினாள். அந்தப் பெண்ணும் அதே மாதிரி திருகிக் காட்டி, தட்டி, என்னைப் பார்த்துச் சிரித்தாள். பக்கத்தில் இருந்த வார்டன் அம்மாள் கேட்டார்: "இங்க எல்லாப் பிள்ளைங்களும் அப்பான்னா மீசையத் தடவிக் காட்டுவாங்க. இவ மட்டும் வந்த நாள்லேர்ந்து இப்படித்தான் காட்டுறா. இது என்னங்க?"

தெரியவில்லை என்று சொன்னேன்.