சிம்பன்சிக் குட்டிக்குக் கிடைத்த தவணை

அறுபதுகளின் தொடக்கத்தில் விருதுநகருக்கு ஒரு சர்க்கஸ் வந்தது. எங்கள் தீப்பெட்டிக் கம்பெனி மேனேஜர் பெரிய மனசு பண்ணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். பெரிய மனசு என்பது அவர் வாயால் அவரே சொன்னது.

அக்காவும் வந்தாள். ஆமத்தூர்க் காடுகளில் களை வெட்டிக் காய்த்துப்போன கை அவளுக்கு. புருஷன் செத்தபின் என்னோடு கம்பெனிக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பள்ளம் வெட்டிய கட்டையில் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். நான் மூன்று கட்டை முடிக்கும்போது அவள் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். வருகிற சனிக்கிழமைக்குள் கை வராவிட்டால் நிறுத்திவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

கூடாரத்தில் ஒரு தாய்ச் சிம்பன்சி, அதன் குட்டி. வித்தைக்காரன் சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு எங்களிடம் தீப்பெட்டி கேட்டான். ஒருவரிடமும் இல்லை. தினமும் கம்பெனி வாசலில் நெருப்புச் சாமான் எதுவும் இல்லையென்று மடியை உதறிக் காட்டிவிட்டு உள்ளே போகிறவர்களிடம் தீப்பெட்டி எப்படி இருக்கும்? எங்களை உதறச் சொல்கிற மேனேஜரின் சட்டைப் பையில்தான் இருந்தது. அதைத் தூக்கிக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த பவிசைப் பார்த்திருக்க வேண்டும், நெருப்பையே அவர்தான் கண்டுபிடித்த மாதிரி.

தாய் ஒரே உரசலில் சுருட்டைப் பற்ற வைத்தது. குட்டி குச்சியைத் தலைகீழாகப் பிடித்து உரசிப் பார்த்துவிட்டுக் கடித்துத் துப்பியது. கூட்டம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

ஆட்டம் முடிந்து கூண்டருகே மேனேஜர் விசாரித்தார். குட்டிக்கு இரண்டு வயசுதான், இப்போது குச்சியை வைத்து விளையாடத்தான் செய்யும், தாய் கையைப் பார்த்துப் பார்த்தே கற்கும், இன்னும் மூன்று வருஷமாவது பொறுக்க வேண்டும் என்றான் வித்தைக்காரன். மேனேஜர் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டி, கை பழகப் பொறுமை வேண்டாமா என்றார். அந்த வாயில் பொறுமை என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன்.

சனிக்கிழமை அக்காவை நிறுத்தினார். அதற்குள் அவள் என் வேகத்தில் பாதிக்கு மேல் வந்திருந்தாள். அதை அவர் பார்க்கக்கூட இல்லை.

"அந்தக் குட்டிக்கு மூணு வருசம் பொறுக்கணும்னு தலையாட்டுனீக. எனக்கு இன்னும் மூணு வாரம் பொறுக்கக் கூடாதாய்யா?" என்று வாசலில் நின்று கேட்டாள்.

அவர் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்: "அது காசு குடுத்து வாங்குனது. நீ தானா வந்தவ."

அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் காறித் துப்பத் தோன்றுகிறது. அன்றைக்குத் துப்பினேனா? திங்கட்கிழமை காலை, அதே வாசலில், அவர் முன்னால் மடியை உதறிக் காட்டிவிட்டு உள்ளே போனேன்.