ஆப்பிரிக்க மலை ஏறியவரோடு தேனருவிக்கு

உலகச் சண்டை முடிந்து, பட்டாளத்துக்குப் போயிருந்த என் கணவர் ஆப்பிரிக்காவிலிருந்து தென்காசிக்குத் திரும்பியபோது எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். சேர்ந்து இருந்தது நாற்பது நாள். வந்த நாள்முதல் அவர் பேச்செல்லாம் கிளிமஞ்சாரோ என்ற மலையைப் பற்றித்தான். உச்சியில் வருஷம் முழுக்கப் பனி உறைந்து கிடக்குமாம். எல்லோரும் ஏறும் பக்கத்தை விட்டு, ஆள் நடமாட்டமில்லாத வடக்குப் பக்கமாகப் பட்டாளத்துத் துரை ஒருவரோடு இவர் ஏறினாராம்.

சாரல் தொடங்கியதும் என்னையும், என் மதினியான தன் அக்காவையும் குற்றாலத்து மலைமேல் இருக்கும் தேனருவிக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார்.

“வழக்கமான பாதையில எண்ணெயத் தேச்சுக்கிட்டு ஊரே ஏறுது. நாம ஆளில்லாத பாதையில போவோம்.”

ரேஷன் அரிசியை மிச்சம்பிடித்து, மதினி ஒரு பெரிய நார்ப்பெட்டி நிறையப் புளிச்சோறு கட்டினார்.

குற்றாலத்து மலையடியிலேயே இவர் நடை குறைந்துவிட்டது. ஓரடி வைப்பார், மூச்சு விடுவார், மறு அடி வைப்பார். எங்களையும் அப்படியே நடக்கச் சொன்னார். விறகுக்குப் போன இரண்டு பெண்கள் எங்களைத் தாண்டி ஏறினார்கள். பிறகு கட்டோடு இறங்கி வந்தவர்கள், “இன்னும் இங்கனதான் நிக்கீகளா?” என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

“இப்படித்தான் ஏறணும்,” என்றார் இவர். “அங்க வழிகாட்டிங்க ‘போலே போலே’ன்னு சொல்லிக்கிட்டே வருவாங்க. மெதுவா, மெதுவான்னு அர்த்தம்.”

மதினி நின்றுவிட்டார். “ஏலே, அவங்க உன்னைப் ‘போ லே, போ லே’ன்னு விரட்டியிருக்காங்க. அது தெரியாம நீ மேல ஏறியிருக்கே.”

நான் ஒரு பாறைப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தேன்.

நடுப்பகலில் பாதை ஒரு மூங்கில் புதரோடு முடிந்துபோனது. சுற்றிலும் மூடுபனி. மூன்று பேர் காலிலும் அட்டை. இவருடைய பட்டாளத்துப் பூட்ஸுக்குள்தான் அதிகம். இவர் புதரை இரண்டு முறை சுற்றி வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“உண்மையைச் சொல்லு,” என்றார் மதினி. “அந்த மலை உச்சிக்குப் போனியா?”

இவர் பூட்ஸைக் கழற்றியபடியே சொன்னார்: “பாதி வரைக்கும் போனேன்க்கா. அங்க ரெண்டு பேருக்கும் வாந்தி. துரைதான் முதல்ல எடுத்தாரு. ஆனா வழியில ஒரு ஆளைக்கூடப் பாக்கல்ல, அது நெசம்.”

நாலு வருஷக் கடிதங்களில் ஒரு வீரர்தான் இருந்தார். அந்த மூங்கில் புதரடியில்தான் என் கணவரை முதல்முதலாகப் பார்த்ததுபோல் இருந்தது. எனக்குப் பிடித்தும் இருந்தது.

ஓடைத் தண்ணீர் போன போக்கில் இறங்கினோம். கீழே வயலும், வயலோரம் ஒரு கொட்டகையும் தெரிந்தன. அது திருவாங்கூர் சுங்கச் சாவடி. மலையைச் சுற்றி, அன்று திருவாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த செங்கோட்டைப் பக்கம் இறங்கிவிட்டிருக்கிறோம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து அரிசியை மலை வழியாக ராத்திரியில் அங்கே கடத்துவார்கள்; சாவடிக்குப் பயந்து பகலில் யாரும் அந்த வழியே நடப்பதில்லை. பாதையில் ஆளில்லாத காரணம் அப்போதுதான் விளங்கியது.

“பெட்டியில எந்தா?” என்று காக்கி உடுப்புக்காரர் மலையாளம் கலந்து கேட்டார்.

“சோறு,” என்றேன்.

“எல்லாரும் சோறுன்னுதான் பறையும். அடியில அரிசி இருக்கும்.”

“அடியைப் பாக்கணும்னா மேல உள்ளதைத் தின்னு தீத்தாத்தானே தெரியும்?” என்று மதினி இலையைக் கிழித்து அவர் முன்னால் போட்டார்.

சாவடிக்காரர்கள் மூன்று பேரும் நாங்கள் மூன்று பேருமாகச் சோதனையை நடத்தினோம். காக்கி உடுப்புக்காரர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். பெட்டியின் அடி தெரிந்ததும், “அரிசி இல்லா,” என்று வருத்தத்தோடு சொல்லி, ரயிலடிக்கு வழி காட்டினார். அட்டைக் கடிக்குத் தன் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பும் கொடுத்தார்.

ரயிலில் எல்லார் முன்னாலும் இவர் என் காலைப் பிடித்துச் சுண்ணாம்பு தடவினார். அப்படியெல்லாம் அன்று யாரும் செய்வதில்லை. மதினி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார். எதிரே புதிதாக வந்து உட்கார்ந்தவர் என் காலில் இருந்த வெள்ளைத் திட்டுகளை உற்றுப் பார்த்து, “எத்தனை நாளா இருக்கு?” என்று கேட்டார். பதில் வருமுன் எழுந்துபோய் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.