அப்பா எழுதாத வசனம்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சத்தியமங்கலத்தில் பஸ் ஏறினேன். யுத்த காலமாகையால் பெட்ரோல் கிடையாது. முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற பஸ். சாம்ராஜ்நகருக்குச் சுமார் நாற்பது மைல், கட்டணம் ஒன்றே கால் ரூபாய். அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு திம்பம் மலையில் இரண்டு இடத்தில் எங்களை இறக்கி நடக்கவும் வைத்தார்கள். நான் கொண்டுவந்த ஜமக்காளம் மட்டும் நடக்கவில்லை. கூரைமேல் சொகுசாக வந்தது. மைசூரில் ஒரு குடும்பம் தங்கள் நாடக மேடையில் விரிக்கக் கேட்டு, நான் நெய்தது அது. ரயில் பார்சலில் அனுப்பியிருக்கலாம். நாடகம் பார்க்கிற ஆசையில் நானே கிளம்பிவிட்டேன்.

வீட்டை விட்டுப் புறப்படும்போது, மூன்று வீடு தள்ளியிருக்கும் என் அண்ணன் வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். இருவரும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டோம். ஒரு சுவர் விஷயமாக நாங்கள் பேச்சை நிறுத்தி நான்கு வருஷமாகிறது.

சாம்ராஜ்நகரிலிருந்து மைசூர் முப்பத்தெட்டு மைல். ரயில் நஞ்சன்கூட்டில் நெடுநேரம் யோசித்துவிட்டு, மாலை ஐந்துக்கு மைசூர் போய்ச் சேர்ந்தது. ஜட்காக்காரரிடம் தேவராஜ மொஹல்லாவில் நாடகக்காரர் வீடு என்றேன்.

“அண்ணன் தம்பி மனெயா, அந்த வீடா, சாமி? பேசிக்கமாட்டாங்களே, அவங்கதானே?” என்றார். நாலணா கேட்டார். பேரம் பேச மறந்து ஏறி உட்கார்ந்தேன்.

மார்க்கெட்டுக்குப் பின்புறச் சந்தில் வீடு. அண்ணன் சுப்பராயன் பட்டு வியாபாரி, ஐம்பது வயது. தம்பி வேலாயுதத்துக்கு முப்பது, இன்னும் கல்யாணமாகவில்லை. சாப்பாட்டுக்கு இருவரும் கூடத்தின் இரண்டு கோடியில் உட்கார்ந்தார்கள். நடுவில் உட்கார்ந்த என் இலை வழியாகத்தான் உப்பு போயிற்று, ஊறுகாய் வந்தது.

சுப்பராயனின் மனைவி மரகதம்மாள்தான் கதையைச் சொன்னார். மாமனார் கொள்ளேகாலத்திலிருந்து புடவை மூட்டையோடு வந்தவர். மார்க்கெட்டில் வேலை செய்யும் தமிழர்களைச் சேர்த்துக்கொண்டு நாடகம் போட ஆரம்பித்தார். முதல் திரை, விற்காத நான்கு புடவைகளைச் சேர்த்துத் தைத்தது. ராணி வேஷத்துக்கு ஆள் கிடைக்காமல் தன் மனைவியையே மேடையேற்றினார். சொந்தக்காரர்கள் ஒரு வருஷம் வாசல் மிதிக்கவில்லை. மறு வருஷம் அவர்களே பாயோடு வந்து முன்னால் இடம் பிடித்தார்களாம்.

“மாமா ஒரு சட்டம் வெச்சிருந்தாருங்க. என்ன சண்டையா இருந்தாலும், மேடையில கூப்பிட்டா பதில் சொல்லியே ஆகோணும்.”

அந்தச் சட்டத்தைச் சகோதரர்கள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். போன மாதம் ஒரு யுத்தக் காட்சியில் அண்ணன் வாளை ஓங்கியபடி, “நாளை ஓடு மாற்ற ஆள் வருகிறான், வீட்டில் இரு” என்றாராம். தம்பி, “இருக்கிறேன், இப்போது போரைத் தொடர்வோம்” என்றானாம்.

ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை, அப்பாவின் நினைவு நாளில், அவரே எழுதிய நாடகம் நடக்கும். அதில் மட்டும் ஒரு எழுத்து மாறக்கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன் வேலாயுதம் அதில் ஒரு வரியை மாற்றினான். அண்ணன் சபையிலேயே அவனை அதட்டினார். அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது. இந்த வியாழக்கிழமை பெங்களூர் நாடகக் கம்பெனி ஒன்றிலிருந்து வேலாயுதத்துக்குக் கடிதம் வந்திருக்கிறது. திங்கள் காலை ரயில். அதற்கு முன் இருப்பது ஞாயிறு மாலை நாடகம் ஒன்றுதான், அது அப்பாவுடையது.

“போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னா இருந்துக்குவானுங்க. இவரு அப்பா வசனத்துல கை வெக்கமாட்டாரு” என்று மரகதம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கொட்டகையில் திரை எழுந்தது. டிக்கெட் கிடையாது. வருகிறவர்கள் கூடையில் ஆளுக்கொரு காயைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். நாடகம் முடிந்ததும் அதுவே எல்லோருக்கும் சாம்பார். என் ஜமக்காளம் மேடையில் சிவப்பாக ஜொலித்தது; பெருமையாகத்தான் இருந்தது.

கடைசிக் காட்சி ஆற்றங்கரை. மனம் கசந்த இளவரசனாக வேலாயுதம் நாட்டை விட்டுப் போகிறான். அரசனாக நடிக்கும் சுப்பராயன், “போய் வா” என்று கம்பீரமாக விடை கொடுக்க வேண்டும். இளவரசன் ஏறியதும் சக்கரம் வைத்த ஓடத்தை மரகதம்மாள் திரைக்குப் பின்னாலிருந்து கயிற்றால் இழுக்க வேண்டும்.

சுப்பராயன் ஓரடி முன்னால் வந்தார். கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“வேலு, போகாதேடா. நான் பேசினது தப்பு. நீ இல்லாம எனக்கு மேடையுமில்ல, வீடுமில்ல.”

என் பக்கத்திலிருந்த காய்கறிக்காரர், “இது நாடகத்துல இல்லையே” என்று முணுமுணுத்தார்.

வேலாயுதம் பதில் சொல்லியாக வேண்டும். சொன்னான், அப்பா எழுதியதையே. “அரசே, ஓடம் காத்திருக்கிறது.” ஏறி உட்கார்ந்துவிட்டான்.

ஓடம் நகரவில்லை.

“அண்ணி, இழுங்க.”

“கை வலிக்குதப்பா” என்றது திரைக்குப் பின்னாலிருந்த குரல்.

சபை சிரித்தது. வேலாயுதம் சிரிக்கவில்லை. “ஒரு வரி மாத்தினதுக்கு ரெண்டு வருஷம் பேசலை. இப்ப நீங்க மூணு வரி மாத்திட்டீங்க.”

“நாலா வேணாலும் மாத்தறேன். இறங்கு.”

அவன் இறங்கினான். அப்பாவின் நாடகம் முதல் முறையாக வேறு மாதிரி முடிந்தது. சாம்பாரில் முள்ளங்கி கொஞ்சம் அதிகம்.

திங்கள் காலை என்னை வழியனுப்ப இருவரும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். பெங்களூர் வண்டி முதலில் புறப்பட்டது. கடைசிப் பெட்டி மறையும்வரை வேலாயுதம் அதையே பார்த்தான். அண்ணன் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு, ஜமக்காளத்தை எப்படிப் போட்டால் ஓடத்தின் சக்கரம் சிக்காது என்று இருவரும் உரக்கச் சண்டை பிடித்தார்கள். என் வண்டி நகர்ந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

மாலை ஆறு மணிக்குச் சத்தியமங்கலம். எங்கள் தெருவில் மேடையும் இல்லை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆளும் இல்லை. பையோடு நேரே என் அண்ணன் வாசலில் போய் நின்றேன்.

“மைசூருக்குப் போய் வந்தேன்” என்றேன்.

“தெரியும். நேத்தே வருவேன்னு பார்த்தேன்” என்றார். “உள்ள வா.”