எல்லாருக்கும் ஆமாம் போடுகிற குரல்

சங்கரன்கோவிலில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் என் கணவர் யாரிடமும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசமாட்டார். கைபேசியில் செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு அதனிடம் மட்டும் மணிக்கணக்கில் பேசினார். அதைவிட எரிச்சல், அதை மரியாதையாக ‘அவரு’ என்பது.

“அவருகிட்ட கேட்டுட்டேன். அக்காவ இங்கன கூட்டிட்டு வாரதுதான் சரின்னு சொல்லுதாரு.”

கணவருடைய அக்கா, என் மதினி, பனவடலிசத்திரத்தில் தனியாக இருக்கிறார். மழையில் வழுக்கி விழுந்து கை முறிந்து, அப்போதுதான் கட்டுப் பிரித்திருந்தார்கள். எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் நான் கல்லூரிப் பாடங்களைத் தயாரிப்பேன். அந்தப் பருவத்தில் பௌத்த தத்துவம் நடத்திக்கொண்டிருந்தேன்.

நானும் அதனிடம் கேட்டேன். ‘வயதானவரைச் சொந்த ஊரிலிருந்து பிடுங்கி வருவது தவறல்லவா?’ உங்கள் கவலை நியாயமானது என்று தொடங்கி, நான் விரும்பியதையெல்லாம் சொன்னது. வெற்றிக் களிப்போடு கணவரிடம் காட்டினேன்.

தனக்கு வந்த பதிலையும் என்னுடையதையும் படித்துப் பார்த்தார். “ஏட்டி, எனக்கும் சரிங்குதாரு, உனக்கும் சரிங்குதாரு. இவரு என்ன மனுசன்?”

“மனுசனே இல்லங்க. உள்ள ஆளே கிடையாது. காரணம் கூடினா ஒண்ணு தோணும், கலைஞ்சா போயிரும். நீங்க கேட்டது ஒரு காரணம், அதுக்குச் சொல்லிக் கொடுத்த பேச்செல்லாம் இன்னொரு காரணம். சேர்ந்தா பதில். மனுசனையே அப்படித்தான் புத்தர் பார்த்தாரு. ‘நான்’னு தனியா ஒண்ணு உள்ள உக்காந்திருக்கல.”

“அப்பம் என் வருத்தம் புரியுதுன்னு சொன்னது யாரு?”

“யாருமில்ல.”

அவர் முகம் வாடிவிட்டது. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்: “மனுசனுக்குள்ளயும் யாருமில்லன்னா, அக்கா வந்தா இடைஞ்சல்னு நெனைக்கது யாரு?”

வகுப்பில் ஒருவர்கூட என்னை இப்படி மடக்கியதில்லை. சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தத்தோடு அடுக்கினேன். அடுக்கும்போதுதான் உறைத்தது. அந்த இயந்திரத்துக்கு மதினி மேல் பற்றும் இல்லை, என் அறை மேல் பற்றும் இல்லை. கேள்வியிலேயே ஆளுக்கொரு பற்றை வைத்து அனுப்பியிருந்தோம். அதுதான் பதிலாகத் திரும்பி வந்தது. பற்று என்ற சொல்லை வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதுகிறவள் நான்!

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பனவடலிசத்திரத்துக்குப் பஸ் ஏறினோம். விஷயத்தைச் சொன்னதும் மதினிக்குக் கோபம் வந்தது.

“ஏலே, விழுந்தவ நான். கை என்னுது. செல்போன்கிட்ட கேட்டிய, எங்கன விழுந்தன்னு என்கிட்ட கேட்டியளா?”

மதினி கொல்லைப்பக்கம் கை காட்டினார்.

“கக்கூஸு பின்னால தள்ளிக் கெடக்கு. ராத்திரி மழையில அங்கன போவும்போதுதான் விழுந்தேன். அத வீட்டோட சேத்துக் கெட்டித் தாங்க. போதும்.”

“நீங்க சொல்லுதது சரிதான் மதினி” என்றேன்.

“இத மொதல்லயே கேக்கதுக்கு என்ன?”

கழிப்பறையை வீட்டை ஒட்டிக் கட்டிக் கொடுத்தோம். பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பியும் வைத்தாயிற்று. மதினி அங்கேயேதான் இருக்கிறார். போன மாதம் தானாகவே பஸ் ஏறி வந்து, சில நாள் என் அறையில் தங்கிவிட்டுப் போனார். இடைஞ்சலாகத்தான் இருந்தது.