நாலாம் எண்ணில் இருந்த பையன்

இன்று நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. செங்கம் சாலையில் ஒரு காபிக் கடைக்கு மேலே எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி. முதலாளியையும் சேர்த்து நாலே பேர். கோயிலில் பூஜை செய்யும் குருக்கள் ஒருவருக்கு நான் வெப்சைட் எழுதிக் கொடுத்தேன். வெளியூர் பக்தர்களின் பெயர், நட்சத்திரம், கோத்திரம் எல்லாம் அதில் இருக்கும். யாருடைய நட்சத்திரம் வருகிறதோ, அவர்கள் பெயர் அன்று காலை குருக்களின் போனில் வரும். அவர் அர்ச்சனை செய்து விபூதியைத் தபாலில் அனுப்புவார்.

ஆரம்பத்தில் சோதித்துப் பார்க்கப் பத்து மாதிரிப் பெயர்கள் வேண்டியிருந்தன. முதலாளிதான் உட்கார்ந்து சிரித்துச் சிரித்து எழுதினார். மச்சான், மாமியார், நாலாவதாக அவர் வீட்டு நாய். அதற்கும் ஒரு நட்சத்திரம், ஒரு கோத்திரம்! கேட்டால் மனிதப் பெயர் போலவே இருக்கும்.

வேலை முடிந்ததும் மாதிரிகளை நீக்கிவிட்டு, நிஜ பக்தர்களை ஒன்றாம் எண்ணிலிருந்து ஏற்றினேன். மாதிரிப் பெயர்கள் இருந்த அந்தக் கோப்பை மறுபடி ஏற்றினால் போச்சு. முதல் பத்து பேரை அழித்துவிட்டு அந்த இடத்தில் மாதிரிகள் உட்கார்ந்துகொள்ளும். முதலாளியிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"சார், அந்த ஃபைலைத் தூக்கிடுங்க. அப்டேட் பண்றதுக்கு முன்னாடி டேட்டாவை ஒரு காப்பி எடுத்து வெச்சிடலாங்க."

"உனக்கு பயம் ஜாஸ்தி" என்றார். ஒவ்வொரு அப்டேட்டின்போதும் அந்தக் கோப்பு தானாக ஏறும்படி எழுதி வைத்திருந்தவரும் அவரேதான்.

சில மாதம் கழித்து குருக்கள் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். "ஏம்மா, ஓசூர்லேர்ந்து ஒரு அம்மா போன் பண்றா. பையனுக்கு மூணு மாசமா விபூதி வரலையாம். போன்ல தேடினா அவன் பேரே இல்லையே?"

திறந்து பார்த்தேன். மூன்று மாதத்துக்கு முன் முதலாளி போட்ட அப்டேட்டில் அந்தக் கோப்பும் ஏறியிருந்தது. அந்தப் பையன் இருந்த நாலாம் எண்ணில் நாய். மூன்று மாதமாக அந்த மனிதர் சந்நிதியில் நின்று, வாய் நிறைய அதன் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

முதலாளியோ அசரவே இல்லை. "பண்ணியாச்சு, தபால்ல தொலைஞ்சிருக்கும்னு சொல்லிடுங்க சாமி. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

வெட்கங்கெட்ட மனுஷன்!

குருக்களுக்கு முகம் சிவந்துவிட்டது. "பண்ணாததைப் பண்ணேன்னு சொல்ல எனக்கு வாய் வராது" என்று அங்கேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "அம்மா, மூணு மாசமா உங்க பையன் பேர்ல அர்ச்சனை நடக்கலை. மன்னிச்சுக்கோங்கோ."

நான் குறுக்கே புகுந்தேன். "கம்ப்யூட்டர்ல நாங்க பண்ண தப்புங்க. குருக்கள் மேல ஒண்ணும் இல்லீங்க."

அந்த அம்மாள் பேசினாள்.

"போன மாசம் அவனுக்கு நெஞ்சுல ஆபரேஷன். அவன் நட்சத்திரத்தன்னைக்கே நாள் கேட்டு வாங்கினேன். காலையில கோயில்ல அர்ச்சனை நடக்குதுன்னுதான், டாக்டர் நீட்டின பேப்பர்ல தைரியமா கையெழுத்து போட்டேன்."

"பையன் இப்ப எப்படி இருக்கான்?" என்றார் குருக்கள்.

"நல்லா நடக்கிறான் சாமி. ஆனா அன்னைக்கு நான் யாரை நம்பிக் கையெழுத்து போட்டேன், சொல்லுங்க."

முதலாளி மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, போனை வை, வை என்று எனக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தார்.